ஏழாம் நம்பர் வண்டியின் பின் பிரேக்

என் பணி நிறைவு நாளன்று கையில் மைக்கைக் கொடுத்து, இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பத்துப் பேருக்கு முன்னால் நின்றால் எனக்கு நாக்கு எழாது. மறுநாள் எங்கள் வண்டி ஷெட்டில் இப்போது வேலை பார்க்கும் இருவர் போன் செய்தார்கள். "அக்கா, பேசத்தான் மாட்டீங்க, எழுதியாவது குடுங்க. ஏழாம் நம்பர் வண்டி விஷயத்தை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க" என்றார்கள். அந்த விஷயம் என்னுடையது. அதனால் நானே எழுதுவதுதான் சரி. நான் படித்தது பத்தாம் வகுப்பு வரைதான். பிரேக்கைப் பற்றி எழுத அது போதும்.

முதல் பதினொரு வருடம் அம்பத்தூர் எஸ்டேட்டில், ஸ்கூட்டர் பிரேக் ஷூவுக்கு லைனிங் ஒட்டும் ஒரு சின்னக் கம்பெனியில் இருந்தேன். கள்ளிக்குப்பத்தில் வீடு, காலை ஷிஃப்டுக்கு ஒரே பஸ். பசை தடவுவது, கிளாம்பில் இறுக்குவது, அடுப்பில் வேகவைப்பது, விளிம்பை உரசிச் சரிசெய்வது. அவ்வளவுதான் வேலை. ஆனால் பதினொரு வருடம் அதையே செய்தால், ஒரு லைனிங்கைக் கையில் எடுத்ததும் அது வெந்ததா, வேகாததா, எண்ணெய் பட்டதா என்று மூக்கே சொல்லிவிடும். அந்தக் கம்பெனியை மூடியபோது என்னிடம் மிஞ்சியது அந்த மூக்குதான்.

பிறகு பூந்தமல்லிக்கு மேற்கே, ஏரிப் பக்கம் இருந்த ஒரு கேளிக்கைப் பூங்காவில் சேர்ந்தேன். அங்கே பன்னிரண்டு ஏடிவி வண்டிகள் இருந்தன. நான்கு குண்டு டயர் வைத்து, பைக் மாதிரி ஹேண்டிலைப் பிடித்து, மண் பாதையில் ஓட்டும் வண்டி. ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து வருகிறவர்கள் டிக்கெட் வாங்கி ஓட்டுவார்கள். அவர்களில் பாதிப் பேர் அதற்கு முன் அப்படி ஒரு வண்டியைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அந்த வண்டிகளை ஓடும் நிலையில் வைத்திருப்பது எங்கள் ஷெட்டின் வேலை.

ஷெட்டுக்கு மேலாள் மாணிக்கம் சார். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நம் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார். "பிரேக் நல்லா இருக்கு சார்" என்று யாராவது சொன்னால் ஒரே கேள்விதான் கேட்பார்.

"எவ்வளவு?"

பெடல் எவ்வளவு கீழே போகிறது, லைனிங் எவ்வளவு மிச்சம், வண்டி எவ்வளவு தூரத்தில் நின்றது. எண்ணைச் சொல்ல வேண்டும். "நல்லா", "பரவாயில்ல", "ஓகே" எதையும் வண்டியின் சோதனைக் கார்டில் எழுத விடமாட்டார். மற்றவர்களுக்கு அது எரிச்சல். எனக்கு அது சுகமாக இருந்தது. எண்ணைச் சொல்லிவிட்டால் வேறு பேச்சுப் பேச வேண்டியதில்லை.

அவர் வைத்த இன்னொரு வழக்கம், பிரேக்கில் கை வைத்தவர்தான் காலையில் முதலில் அந்த வண்டியை ஓட்ட வேண்டும் என்பது. ஷெட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு. மேலிருந்து இரண்டாம் கியரில் இறங்கி, கொடிக் கம்பம் வந்ததும் பின் பிரேக்கை மட்டும் மிதிக்க வேண்டும். கீழே போட்டிருக்கும் சுண்ணாம்புக் கோட்டுக்கு முன்னால் வண்டி நிற்க வேண்டும். எத்தனை அடி முன்னால் நின்றது என்பதைக் காலால் அளந்து கார்டில் எழுத வேண்டும்.

முதல் நாள் அவரிடம், "எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது சார்" என்றேன்.

"அப்போ பிரேக்கை ஒழுங்கா பண்ணும்மா. உனக்கு நிறுத்தத் தெரிஞ்சா போதும்" என்றார்.

இரண்டே வாரத்தில் எனக்குப் பயம் போய்விட்டது. ஆட்களுக்கு முன்னால் நிற்பதைவிடச் சரிவில் இறங்குவது சுலபம்.

அந்தப் பன்னிரண்டு வண்டிகளுக்கும் பின்னால் டிரம் பிரேக் இருந்தது. பாதையின் நடுவில் முழங்கால் அளவு தண்ணீர் விட்ட ஒரு பள்ளம். கஸ்டமர்களுக்கு அதில் சளக்கென்று இறங்குவதுதான் பெரிய சந்தோஷம். டிரம்முக்குள் தண்ணீரும் சேறும் போய்விட்டால், ஏறி வந்த பிறகு கொஞ்ச தூரத்துக்குப் பிரேக் பிடிக்காது. இதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்த மாணிக்கம் சார், முதலில் ஒரு வண்டிக்கு மட்டும் டிஸ்க் பிரேக் போட்டுப் பார்க்கலாம் என்றார். ஏழாம் நம்பர் வண்டி என் கைக்கு வந்தது.

அந்த வேலையைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஏடிவிக்குப் பின்னால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே ஆக்சில். ஒரு டிஸ்க் போட்டால் இரண்டு சக்கரமும் நிற்கும். டிரம்மைக் கழற்றியதும் ஆக்சிலின் பல்லில் இறுகிக் கிடந்த சேற்றைக் குச்சியால் நோண்டி எடுத்தேன். ஒரு பருக்கை மண் இருந்தாலும் டிஸ்க் கோணலாக உட்காரும். டிஸ்கை இரு பக்கமும் கவ்வி நிறுத்தும் காலிப்பரைப் பிடிக்கும் தகட்டை எஸ்டேட்டில் எனக்குத் தெரிந்த லேத் பட்டறையில் செய்து வாங்கினேன். மாட்டிப் பார்த்தால் காலிப்பருக்குள் லைனிங் ஒட்டிய இரண்டு பேடுகளில் ஒரு பக்கப் பேடை மட்டும் டிஸ்க் உரசியது. ஒரு வாஷர் கொடுத்தேன், போதவில்லை. இரண்டு கொடுத்ததும் டிஸ்க் நடுவில் வந்தது. பிரேக் ஆயில் போகும் ஹோஸை வண்டி தரையில் நிற்கும்போது அளந்தால் ஏமாந்துபோவோம். பின்பக்கத்தை ஜாக்கில் தூக்கி, சக்கரம் இரண்டும் தொங்கும்போது அளக்க வேண்டும். குதித்து விழும்போது ஆக்சில் அவ்வளவு தூரம் இறங்கும்.

கடைசியில் ஹோஸுக்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் காலிப்பரில் இருக்கும் திருகைத் தளர்த்தி, காற்று வெளியேறியதும் பெடலை விடுவதற்கு முன் மூட வேண்டும். அன்று பெடலை மிதித்தவன் டில்லிபாபு. கஸ்டமர் வண்டிகளுக்கு முன்னால் தன் வண்டியில் வழிகாட்டிப் போகும் கைடு. முப்பது வயதிருக்கும். வேலை இல்லாத நேரத்தில் ஷெட்டுக்கு வந்து எல்லாரையும் வம்புக்கு இழுப்பான்.

"இன்னும் எத்தினி தபாக்கா? கால் மரத்துப் பூட்ச்சு."

"காத்து வர்றது நிக்கிற வரைக்கும்."

"இந்த மிதிக்கு ஊட்ல மாவாட்டிக் குடுத்திருந்தா இட்லியாச்சும் கெடைச்சிருக்கும்."

"மிதிப்பா. பேசினா கணக்கு விட்டுப் போகுது."

"நீ பேசவே மாட்ட. நானும் பேசலன்னா ஷெட்டுல யார்தான் பேசறது?"

மறுநாள் காலை ஏழாம் நம்பரைச் சரிவில் இறக்கினேன். டிரம் இருந்தபோது கோட்டுக்கு ஓர் அடி முன்னால் நிற்கும். இப்போது எட்டு அடி முன்னால் நின்றது. தண்ணீரில் இறக்கி ஏற்றியும் பார்த்தேன். அதே எட்டு. மாணிக்கம் சார் கார்டைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு யாருக்கும் கிடைத்ததில்லை.

திங்கட்கிழமை பூங்காவுக்கு விடுமுறை. அன்று எல்லா வண்டிக்கும் வாட்டர் வாஷ். எங்கள் பக்கத்து வாட்டர் சர்வீஸ் எதிலும் பார்க்கலாம், கழுவி முடித்ததும் துருப் பிடிக்காமல் இருக்க, டீசலில் பழைய இன்ஜின் ஆயிலைக் கலந்து அடிப்பக்கம் முழுக்கப் பீய்ச்சுவார்கள். எங்களுக்கு அதைச் செய்தவர் ஏழுமலை அண்ணன். டிரம் பிரேக் மூடிக்குள் இருப்பதால் அதனால் எந்தக் கெடுதலும் இல்லை. டிஸ்க் வெளியே திறந்து கிடக்கிறது. செவ்வாய்க்கிழமை காலை வந்து பார்த்தேன், ஏழாம் நம்பரின் டிஸ்க் பளபளவென்று இருந்தது. விரலால் தொட்டேன். எண்ணெய்.

டிஸ்கைப் பெட்ரோல் துணியால் துடைத்தேன். பேடுகளைக் கழற்றி, பெட்ரோலில் கழுவி, எமரித் தாளில் உரசி, காயவைத்துத் திரும்பப் போட்டேன். சரிவில் எட்டு அடி வந்தது. ஏழுமலை அண்ணனிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். கழுவும் இடத்தில் எப்போதும் நாலைந்து ஆண்கள் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள். பாதி தூரம் போய்த் திரும்பிவிட்டேன். கார்டில், "பின் டிஸ்க்கில் எண்ணெய் படக் கூடாது" என்று எழுதி ஃபைலில் வைத்தேன். அந்தக் கார்டு ஷெட்டைத் தாண்டி எங்கும் போகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அடுத்த திங்களும் டீசல் அடித்தார். நானும் செவ்வாயன்று துடைத்தேன்.

மூன்றாவது வாரம், ஞாயிறு மதியம் அது நடந்தது. டில்லிக்குப் பின்னால் நான்கு வண்டிகள். கடைசியில் ஏழாம் நம்பர், அதில் ஒரு நடுவயதுக்காரர். மூன்றாம் சுற்றில், தண்ணீர்ப் பள்ளத்துக்கு இறங்கும் இடத்தில் மற்ற வண்டிகள் நின்றன. ஏழு நிற்கவில்லை. முன்னால் இருந்த வண்டியில் மோதாமல் இருக்க அவர் ஹேண்டிலைத் திருப்பியதால் ஓரத்தில் அடுக்கியிருந்த டயர்களில் போய் மோதியது. அவருக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்தது.

மேனேஜர் ஷெட்டுக்கு வந்தார். டில்லியும் வந்தான்.

"நீ வேகமா கூட்டிட்டுப் போயிருக்க. கஸ்டமருங்களும் அதத்தான் சொல்றாங்க. ஏற்கெனவே உன்மேல ஒரு தடவை இதே புகார்."

"அன்னிக்கி வேகம் சார், ஒத்துக்கினேன். இன்னிக்கி இல்ல. அவரு பிரேக்க மிதிச்சாரு, நான் பாத்தேன். வண்டி வயுக்கினு வந்துச்சு."

"பின்னாடி பாத்துக்கிட்டே வண்டி ஓட்டினியா? அதுவே தப்புதானே?"

வண்டியைச் சரிவுக்குக் கொண்டு போனார்கள். அதற்குள் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. மாணிக்கம் சாரே ஓட்டினார். கோட்டுக்கு ஏழு அடி முன்னால் நின்றது. மேனேஜர் என் கார்டை எடுத்துப் பார்த்தார். காலையில் நான் எழுதியதும் ஏழு. கீழே என் கையெழுத்து. "அப்போ பிரேக்ல ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை வந்து வேலைநீக்கக் கடிதத்தை வாங்கிக்கொள்ளும்படி டில்லியிடம் சொன்னார்.

அந்தப் பக்கத்தில் ஏடிவி பாதை இருக்கும் இடங்கள் மூன்றோ நான்கோதான். கஸ்டமரின் கையை உடைத்தவன் என்று ஒரு கடிதம் வந்தால் எதிலும் அவனைச் சேர்க்க மாட்டார்கள். சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

பஸ்ஸில் வீட்டுக்கு வரும்போது யோசித்தேன். பத்து நிமிடத்தில் வருகிறேன் என்று டில்லி போனில் சொன்னால், ஐயப்பன்தாங்கலில் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டான். அதில் அவன் சொல் பொய். வண்டியைப் பற்றி அவன் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பிரேக் பிடிக்கவில்லை என்று அவன் சொன்னால் பிடிக்கவில்லைதான். சரிவில் பிடித்ததும் உண்மை. இரண்டும் உண்மை என்றால் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. ஆவடி சிக்னலில் பஸ் நின்றபோது எனக்குப் பிடிபட்டது. நாங்கள் காலையில் சோதிப்பது ஆறிய பிரேக்கை. கஸ்டமர் ஓட்டுவது அப்படி இல்லை. பயத்தில் பெடல்மேல் காலை வைத்துக்கொண்டே மூன்று சுற்றும் போவார். பிரேக் கொதிக்கும். எண்ணெய் குடித்த லைனிங்கை அடுப்பில் வைத்தால் என்ன ஆகும் என்பதை எஸ்டேட்டில் பலமுறை பார்த்திருக்கிறேன். உள்ளே இருப்பது வியர்வை மாதிரி மேலே வரும்.

மாணிக்கம் சாருக்குப் போன் செய்தேன். அதற்குமுன் அவருக்கு நான் போன் செய்ததே இல்லை.

"சார், ஏழாம் நம்பரைத் திரும்ப ஓட்டிப் பாக்கணும். சூடு பண்ணி."

"எவ்வளவு?"

"மூணு சுத்து சார். கால் பெடல்லயே இருக்கணும்."

"காலைல வா" என்றார்.

திங்கட்கிழமை, வண்டி கழுவப் போவதற்கு முன் நானே ஓட்டினேன். வலது காலைப் பெடல்மேல் லேசாக ஊன்றியபடி முதல் சுற்று. சரிவில் இறங்கினேன், ஆறு அடி முன்னால் நின்றது. இரண்டாம் சுற்று, கோட்டின் மேலேயே நின்றது. மூன்றாம் சுற்றில் கொடிக் கம்பத்தில் மிதித்தேன். பெடல் கெட்டியாகத்தான் இருந்தது. வண்டி மட்டும் தன்பாட்டுக்குப் போனது. முன் பிரேக்கையும் பிடித்துத்தான் நிறுத்தினேன்.

மாணிக்கம் சார் கோட்டிலிருந்து நடந்து வந்தார். "எவ்வளவு?"

"பதினோரு அடி, சார். கோட்டைத் தாண்டி."

அங்கேயே உட்கார்ந்து, சூடு ஆறும்முன் துணியைச் சுற்றிப் பேடுகளைக் கழற்றினேன். பேடுகளின் உரசும் பக்கம் கறுத்து ஈரமாக இருந்தது. பழைய செய்தித்தாளில் வைத்து அழுத்தினேன். பேடின் வடிவத்தில் எண்ணெய்க் கறை இறங்கியது. முகர்ந்து பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. டீசல் நெடி நின்ற இடத்துக்கே வந்தது.

அதற்குப் பிறகு கழுவும் இடத்துக்குப் போனேன். அன்றும் நாலு பேர் இருந்தார்கள்.

"அண்ணே, ஏழாம் நம்பருக்கும் டீசல் அடிச்சீங்களா?"

"அடிச்சேன், பன்னெண்டுக்கும்தான். இன்னாமா, பளபளப்பு பத்தலியா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"பிரேக்குல பட்டிருக்கு."

"பிரேக்கு டிரம்முக்குள்ள இல்ல கீது?"

"ஏழுக்கு மட்டும் மாத்திட்டேன். இப்ப வெளியே இருக்கு."

அவர் தண்ணீர்க் குழாயை மூடினார். "எனுக்கு யாரும் சொல்லலியேமா."

"நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

ஏழுமலை அண்ணன் ஷெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இத்தினிகாண்டு தூரம். அங்க இருந்து கூவியிருந்தாக்கூட என் காதுல உயுந்திருக்கும்."

திரும்பி வரும்போது எண்ணினேன். முப்பத்திரண்டு அடி.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் இதை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் குடித்த பேடைக் கழுவ முடியாது. பெட்ரோல் மேல்பக்கத்தைத்தான் துடைக்கும், உள்ளே போனது உள்ளேயே இருக்கும். எமரித் தாள் போட்டால் பார்வைக்குப் புதிது மாதிரி ஆகி நம்மையே ஏமாற்றும். தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது போடுங்கள். லைனிங்கிலேயே பதினொரு வருடம் கிடந்த எனக்கு இது தெரியாதா என்றால், தெரியும். முதல் வாரம் தெரிந்தேதான் போட்டேன். சரிவில் எட்டு அடி வந்ததும் மனசு சமாதானம் ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை மாணிக்கம் சாருடன் மேனேஜர் அறைக்குப் போனேன். மேஜைமேல் டில்லியின் கடிதம் தட்டச்சாகி இருந்தது. பேடையும் செய்தித்தாளையும் அதன் பக்கத்தில் வைத்து, நடந்ததைச் சொன்னேன். இரண்டு முறை வரிசை மாறிப் போயிற்று. நிறுத்தி, திரும்பச் சொன்னேன்.

மேனேஜர் கறையைத் தொட்டுப் பார்த்தார். "அப்போ கழுவுறவர் தப்பு."

"அவருக்குத் தெரியாது சார். டிஸ்க் போட்டது எனக்குத்தான் தெரியும். எண்ணெய் பட்டதும் எனக்குத்தான் தெரியும்."

"யோசிச்சுச் சொல்லுங்க. கைடு வேகமாப் போனான்னு இருந்தா இதோட முடிஞ்சுது. பிரேக்குன்னு போனா, கஸ்டமருக்கு நாமதான் பதில் சொல்லணும். உங்க பேரும் வரும்."

"வரட்டும் சார். அது என் வேலை."

எழுத்தில் கொடுக்கச் சொன்னார். அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். ஏழாம் நம்பர் வண்டிக்கு டிஸ்க் பிரேக் மாற்றியது நான். டீசல் அதன்மேல் படக் கூடாது என்று கழுவுகிறவரிடம் நான் சொல்லவில்லை. எண்ணெய் பட்ட பேடை மாற்றாமல் சுத்தம் செய்து போட்டேன். சூடானபோது பிரேக் பிடிக்காததற்கு இதுதான் காரணம். நாலே வரி. மாணிக்கம் சார் வாங்கிப் படித்துவிட்டு, "எவ்வளவுன்னு போடலியே" என்றார். "பதினோரு அடி" என்று சேர்த்தேன். அவரும் கீழே கையெழுத்துப் போட்டார்.

மேனேஜர் முணுமுணுத்தார். ஆனாலும் டில்லியின் கடிதத்தைக் கிழித்துவிட்டு, கஸ்டமருக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னார். சிகிச்சையைப் பூங்கா ஏற்றுக்கொண்டது. மூன்று மாதத்துக்கு என் கார்டில் என் கையெழுத்து மட்டும் செல்லாது, மாணிக்கம் சாருடையதும் வேண்டும் என்று உத்தரவு போட்டார். அது நியாயம்தான். காலைச் சோதனையோடு சூடு பண்ணிச் சோதிப்பதும் வாரம் ஒருமுறை என்று சேர்ந்தது. டிஸ்கை மறைக்க ஒரு தகட்டு மூடி செய்தேன். அடுத்த மழைக்குள் பன்னிரண்டு வண்டிக்கும் டிஸ்க் போட்டு முடித்தேன். அதற்குப் பிறகு நான் இருந்த வரை பிரேக் பிடிக்காமல் ஒரு வண்டியும் டயரில் மோதவில்லை.

டில்லிபாபு அன்று காலை கேட் பக்கத்தில் நின்றிருந்தான். கைடு ஜாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்கச் சுருட்டிக் கையில் வைத்திருந்தான். என் கடிதத்தின் நகலை நீட்டினேன். உதடு அசையப் படித்தான். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான்.

"இன்னாக்கா, ரெண்டு தபா படிச்சிட்டேன். எம் பேரு எங்கியுமே காணோமே?"

"உன் மேல தப்பு இல்ல. உன் பேரு எதுக்கு?"

அவன் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். தாளை மடித்து என்னிடம் கொடுத்தான். ஜாக்கெட்டை உதறிப் போட்டுக்கொண்டு, "பத்து மணி பேட்ச்சு வந்துட்ச்சா?" என்று வாட்ச்மேனைக் கேட்டபடியே உள்ளே போனான்.